ரத்தம் எடுக்கும் முன்பே எழுதப்பட்ட முடிவு

"உன் புருஷன் எங்கெல்லாம் போவான்?"

2016-இல் நீலகிரியின் ஒரு மருத்துவமனையில், கர்ப்பிணிகள் வரிசையில் நிற்க வைத்து என் அக்காவிடம் கேட்கப்பட்ட கேள்வி இது. அவளுக்கு அப்போது மூன்றாவது மாதம். வழக்கமாக எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் எடுக்கும் ரத்தப் பரிசோதனைகளில் வி.டி.ஆர்.எல். என்ற ஒன்று 'பாசிட்டிவ்' என்று வந்திருந்தது. அது சிபிலிஸ் எனும் பால்வினை நோய்க்கான சோதனை. அடுத்த வாரம் மாமாவை வரச் சொல்லி அவருக்கும் ரத்தம் எடுத்தார்கள். அவருக்கு 'நெகட்டிவ்'. அதன் பிறகு கேள்வி மாறியது.

"அப்போ நீ எங்க போன?"

பின்னால் நின்ற பெண்களுக்கும் கேட்கிற குரலில்தான் கேட்டார்கள். "லைன் வீட்டு ஆளுங்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்று பக்கத்து மேசையிலிருந்து ஒருவர் பதிலும் சொன்னார். அக்கா வாய் திறக்கவில்லை. வாரம் ஒன்றாக மூன்று பென்சிலின் ஊசி போட்டுக்கொண்டாள். ஐந்தாம் மாதம் குழந்தை வயிற்றிலேயே இறந்தது. மறுவருடம் இன்னொரு குழந்தையும் அப்படியே போனது.

அக்காவுக்குச் சிபிலிஸ் இல்லை. ஒருநாளும் இருந்ததில்லை. அவளுக்கு இருந்தது லூபஸ். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அமைப்பே மூட்டு, தோல், சிறுநீரகம், ரத்த அணுக்கள் என்று சொந்த உடலைத் தாக்கும் நோய். அதன் பெயரை அவள் முதன்முதலில் கேட்டது 2019-இல், கோவையில். அதற்குள் சிறுநீரகம் பாதி போயிருந்தது.

இதை அக்காவின் அனுமதியோடு எழுதுகிறேன். அவள் பெயரும் எஸ்டேட்டின் பெயரும் வேண்டாம் என்றாள். "எழுது, ஆனா பாவம்னு மட்டும் எழுதாத" என்றும் சொன்னாள்.

முதலில் அந்த வி.டி.ஆர்.எல். கதையை முடித்துவிடுகிறேன். அந்தச் சோதனை சிபிலிஸ் கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிப்பின் என்ற கொழுப்புப் பொருளோடு ஒட்டும் எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறது. சிபிலிஸ் வந்தவர்களுக்கு அந்த எதிர்ப்பொருள் உண்டாகும். லூபஸ் உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கும் அதே வகை எதிர்ப்பொருள் உண்டாகும். எனவே சோதனை பொய்யாகப் 'பாசிட்டிவ்' காட்டும். இது நேற்றுக் கண்டுபிடித்த செய்தி இல்லை. 1952-இலேயே அமெரிக்காவில் மூர், மோர் என்ற இரு மருத்துவர்கள் இந்தப் பொய் முடிவுகளை ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். இப்படி வந்தவர்களில் சிலருக்குப் பின்னாளில் லூபஸ் வெளிப்படுகிறது என்பதும் அப்போதே பேசப்பட்டது. இதே வகை எதிர்ப்பொருள்களால் ரத்தம் உறைந்து கர்ப்பங்கள் கலைவதை 1983-இல் லண்டனில் கிரஹாம் ஹியூஸ் ஒரு தனி நோயாகவே விவரித்தார். சிபிலிஸ்தானா என்று உறுதிசெய்ய டி.பி.எச்.ஏ. என்ற இரண்டாவது சோதனை இருக்கிறது. உறைவுதான் காரணம் என்று தெரிந்தால் குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்பார்கள். அப்படிக் கொடுக்கும்போது பெரும்பாலான கர்ப்பங்கள் பிறப்புவரை போகின்றன.

அதாவது, அன்று அந்த 'பாசிட்டிவ்' தாள் அக்காவின் நோயைச் சரியாகத்தான் சுட்டிக்காட்டியது. அவள் வாழ்க்கையில் லூபஸ் கொடுத்த முதல் எழுத்துச் சான்று அது. அதைப் படித்தவர்கள் அவளுடைய ஒழுக்கத்தைப் படித்தார்கள். மாமாவின் 'நெகட்டிவ்' முடிவு, முதல் சோதனையின் மேல் சந்தேகத்தைக் கிளப்பியிருக்க வேண்டும். அது அவள் மேல்தான் சந்தேகத்தைக் கிளப்பியது. இரண்டாவது சோதனைக்கு எழுத ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத வேண்டிய தேவையே அவர்களுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் லைன் வீட்டுப் பெண்ணுக்கு அந்த நோய் இருப்பது அவர்கள் கண்ணுக்கு இயல்பாகவே பட்டது.

இங்கேதான் சில நண்பர்கள் என்னை மறிக்கிறார்கள். "லூபஸ் உலகம் முழுக்கவே கண்டுபிடிக்கக் கடினமான நோய். பணக்காரர்களுக்கும் தாமதமாகத்தான் தெரிகிறது. இதில் ஏன் சாதியை இழுக்கிறாய்?" என்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் எனக்கு மேலிருக்கும் ஒருவர், "எல்லாவற்றுக்கும் சாதிதான் காரணம் என்றால் அறிவியல் எதற்கு?" என்றே கேட்டார். இந்தக் கேள்விக்கு அறிவியலை வைத்தே பதில் சொல்ல வேண்டும்.

லூபஸ் கடினமான நோய்தான், மறுக்கவில்லை. அதற்கென்று ஒரே ஒரு சோதனை கிடையாது. முதலில் எடுப்பது ஏ.என்.ஏ. நோயாளியின் ரத்தநீரை 1-க்கு 40, 1-க்கு 80, 1-க்கு 160 என்று படிப்படியாக நீர்க்கச் செய்து, ஆய்வகத்தில் வளர்த்த மனித செல்கள் ஒட்டிய கண்ணாடித் தகட்டில் விடுகிறார்கள். செல்லின் உட்கருவைத் தாக்கும் எதிர்ப்பொருள் இருந்தால், ஒளிரும் சாயத்தின் உதவியால் நுண்ணோக்கியில் அது பச்சையாக மின்னும். லூபஸ் உள்ளவர்களில் 100-க்கு 95-க்கும் மேற்பட்டவர்களுக்கு இது 'பாசிட்டிவ்' ஆக வரும். ஆனால் நோயே இல்லாத பலருக்கும் வரும். குறைந்த நீர்ப்பில் பார்த்தால் ஆரோக்கியமானவர்களில் நான்கில் ஒருவருக்குக்கூட மின்னலாம். காசநோய், மஞ்சள் காமாலை, தைராய்டு கோளாறு, முதுமை என எதிலும் மின்னலாம். எந்த நீர்ப்புவரை மின்னியது, எந்த வடிவத்தில் மின்னியது என்று எழுதாமல் வெறுமனே 'பாசிட்டிவ்' என்று வரும் தாளால் பயன் குறைவு. அதன் பிறகு டி.எஸ்.டி.என்.ஏ. எதிர்ப்பொருள், சி3, சி4 அளவுகள், தேவையானால் சிறுநீரகத்திலிருந்து சதைத் துணுக்கு என்று வரிசையாகப் போக வேண்டும்.

ஆக, ஏ.என்.ஏ. முடிவைச் சுமந்து நிற்பது நோயாளியின் வாய்மொழிதான். 2019-இல் ஐரோப்பிய, அமெரிக்க வாதநோய் அமைப்புகள் சேர்ந்து ஒரு புள்ளிக் கணக்கை வெளியிட்டன. ஆய்வுக்காக வகுத்ததுதான் என்றாலும், மருத்துவர்கள் எப்படி யோசிக்க வேண்டும் என்பதை அது காட்டுகிறது. 1-க்கு 80 அளவிலாவது ஏ.என்.ஏ. இருந்தால் கணக்கு தொடங்கும். 10 புள்ளி சேர்ந்தால் லூபஸ் என்று வகைப்படுத்தலாம். மூட்டுப் பாதிப்புக்கு 6. சிறுநீரில் ஒரு நாளைக்கு அரை கிராமுக்கு மேல் புரதம் போனால் 4. இந்த இரண்டுமே போதும். மூட்டுக் கணக்கில் எப்படிச் சேர்ப்பார்கள் தெரியுமா? இரண்டு மூட்டுகளாவது வீங்கியிருக்க வேண்டும். அல்லது அவற்றைத் தொட்டால் வலிக்க வேண்டும், கூடவே காலையில் அரை மணி நேரமாவது இறுக்கம் இருக்க வேண்டும். தொட்டுப் பார்க்காமல், "காலையில எந்திரிச்சா விரல் மடங்க எவ்ளோ நேரம் ஆகுதும்மா?" என்று கேட்காமல் இந்த 6 புள்ளி கிடைக்காது.

அக்கா கொழுந்து பறிப்பவள். விரல்தான் அவளுக்குச் சோறு. காலை ஏழரைக்கு மலையேற வேண்டியவளுக்கு எட்டரை வரை விரல் மடங்கவில்லை. கூடை நிறையவில்லை. அரைப் பேர்தான் விழுந்தது. மேஸ்திரி 'சோம்பேறி' என்றார். டிஸ்பென்சரியில் வலி ஊசி போட்டார்கள், மாதக்கணக்கில். சிறுநீரகம் பாதிக்கப்படும் லூபஸ் நோயாளிக்கு அந்த வகை வலி மருந்து கூடுதல் கேடு. முடி கொட்டியது, 'சத்துக் குறைவு' என்று இரும்பு மாத்திரை தந்தார்கள். வாயில் புண் வந்தது, வெற்றிலை போடுவதை நிறுத்தச் சொன்னார்கள். அவள் வெற்றிலையே போடமாட்டாள். காய்ச்சல் விட்டுவிட்டு வந்தது, ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டாள். நான்கு வருடங்களில் எத்தனையோ பேரைப் பார்த்தோம். அவள் கையைப் பிடித்து ஒவ்வொரு விரலாக அழுத்திப் பார்த்தவர், 2019-இல் கோவையில் ஒரு மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர்தான். கர்ப்பம் கலைந்ததையும் அவர்தான் கேட்டார். எத்தனை மாதத்தில் கலைந்தது என்று கேட்டாரே தவிர, யாரால் உண்டானது என்று கேட்கவில்லை. இருபது நிமிடம் இருக்கும். பிறகு ஒரு சிறுநீர்ச் சோதனை எழுதினார். புரதம் மூன்று பிளஸ்.

சிறுநீரில் புரதம் பார்க்கும் பட்டை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இருக்கும் பொருள். ரத்த அணுக்களின் எண்ணிக்கையும் அங்கேயே பார்க்கலாம். லூபஸைப் பிடிக்க முதலில் வேண்டியது பச்சையாக ஒளிரும் நுண்ணோக்கி இல்லை. வலிக்கிறது என்று ஒரு கூலிக்காரி சொன்னால் அதை நம்பும் காதுதான் முதலில் வேண்டும்.

பாபாசாகேப் 'விசாவுக்காகக் காத்திருக்கிறேன்' நூலில் ஒரு சம்பவத்தைப் பதிவு செய்திருக்கிறார். 1929-இல் கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாளில் நோயுற்றார். மருத்துவர் சேரிக்குள் வர மறுத்தார். நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்து, வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுத்தார். அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுத்தார். அதே வழியில் திரும்பி வந்த வெப்பமானியை விளக்கொளியில் பார்த்துவிட்டு நிமோனியா என்றார் மருத்துவர். அந்தப் பெண் இறந்துபோனார். இன்று எங்களைத் தொட மறுப்பவர்கள் அப்படி வெளிப்படையாகச் சொல்வதில்லை. மேசைக்கு அந்தப் பக்கமிருந்தே சீட்டு எழுதுகிறார்கள். தொட்டும் கேட்டும் மட்டுமே பிடிபடும் ஒரு நோய்க்கு இதைவிட வசதியான மறைவிடம் வேறில்லை.

நாங்கள் யார் என்பதையும் சொல்ல வேண்டும். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக எண்ணிக்கை போட்டார்கள். அந்த எண்ணிக்கையில் ஒருவராகத்தான் என் தாத்தா கண்டியிலிருந்து வந்தார். தாயகம் திரும்பியோரில் பெரும்பாலோர் ஒடுக்கப்பட்ட சாதியினர். அவர்களுக்காக 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் என்று குடியேறினோம். இங்கே எங்களுக்குக் கிடைத்த பெயர் 'சிலோன்காரங்க'. அந்தச் சொல்லுக்குப் பின்னால் சாதிப் பெயர் ஒன்று ஒட்டியே இருக்கும். தோட்டத் தொழிலாளர் சட்டம் 1951-லேயே தோட்டங்களில் மருத்துவ வசதி கட்டாயம் என்றது. அந்த வசதி எங்கள் லைனில் ஒரு கம்பவுண்டராகவும் மூன்று நிற மாத்திரைகளாகவும் இருந்தது.

இந்த மலைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. மூர், மோர் எழுதிய அதே 1952-இல்தான் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் என்ற இரு அறிவியலாளர்கள் நீலகிரிப் பழங்குடிகளின் ரத்தத்தில் அரிவாள் செல் இருப்பதை எழுதினார்கள். இந்தியாவில் அந்தக் குறைபாடு முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இடங்களில் ஒன்று எங்கள் மலை. அதே ஆண்டில் இன்னொரு அறிக்கை மேல் அசாமிலிருந்து வந்தது. அதுவும் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களைப் பற்றியதுதான். லேமனும் கட்புஷும் அந்த ரத்தத்தை வைத்துத் தென்னிந்தியச் சமூகங்களை எப்படி வகைபிரிக்கலாம் என்று ஆராய்ந்தார்கள். கட்டுரைகள் லண்டனில் அச்சாகின. அரிவாள் செல் நோயை ஒழிக்கும் தேசிய இயக்கத்தை ஒன்றிய அரசு தொடங்கியது 2023 ஜூலையில், 71 ஆண்டுகள் கழித்து. இடையில் பணியரையும் குறும்பரையும் காட்டுநாயக்கரையும் பார்த்தவர்கள், 1990-இல் கூடலூரில் தொடங்கிய 'அஸ்வினி' போன்ற அமைப்புகள். அங்கே ஆதிவாசிப் பெண்களையே செவிலியராகப் பயிற்றுவித்தார்கள். நோயாளியின் மொழியைப் பேசும் ஒருவர் பக்கத்தில் நின்று கேட்டார்.

அரிவாள் செல்லும் லூபஸும் வேறுவேறு நோய்கள். ஆனால் மூட்டுவலி, காய்ச்சல், ரத்தசோகை, சிறுநீரகப் பாதிப்பு இரண்டிலும் உண்டு. ஒரு பணியப் பெண்ணுக்கு லூபஸ் வந்தால் அதை அரிவாள் செல் என்றே மூடிவிட வாய்ப்பிருக்கிறது. 'அந்தச் சாதிக்கு அந்த நோய்' என்று கோப்பில் எழுதிவிட்டால், பிறகு உடலைப் பார்ப்பதில்லை. அக்காவுக்கு நடந்ததும் இதுதான்.

தோல் விஷயத்திலும் இதே கதைதான். லூபஸின் அடையாளமாகப் பாடநூல்கள் சொல்வது, கன்னங்களில் வண்ணத்துப்பூச்சி வடிவில் படரும் சிவப்புத் தடிப்பு. அந்தச் சிவப்பு வெள்ளைத் தோலில் தெரிகிற சிவப்பு. எங்கள் தோலில் அது கருஞ்சிவப்பாகவோ கருப்பாகவோ விழும். லைனில் எல்லோரும் அதை 'மங்கு' என்றார்கள். மருத்துவர்களும் மங்கு என்றே களிம்பு எழுதினார்கள். அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு வெள்ளைப் பெண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக லூபஸ் வருகிறது. அங்கேயும் அவர்கள் பாடநூல்களின் நிறத்தை எதிர்த்துப் பேச வேண்டியிருந்தது. ஒவ்வொரு ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் புற ஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். மூடுபனி அதை முழுக்கத் தடுக்காது. லூபஸை மூர்க்கமாக்குவது அந்தக் கதிர்தான். குன்னூரே ஏறத்தாழ 1,850 மீட்டர். நாள் முழுக்க வெட்டவெளியில் நிற்பவளுக்கு, 'குளிர் பிரதேசத்தில் வெயில் என்ன செய்யும்?' என்று பதில் சொன்னார்கள்.

மருந்தின் கதையையும் கேளுங்கள். லூபஸுக்கு அடிப்படை மருந்து ஹைட்ராக்ஸிகுளோரோகுயின். 2020 மார்ச்சில் கொரோனாவைத் தடுக்க அதை மருத்துவப் பணியாளர்களுக்குப் பரிந்துரைத்தது ஐ.சி.எம்.ஆர். வசதியுள்ளவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கி வீட்டில் அடுக்கினார்கள். ஏப்ரலில் ஏற்றுமதித் தடையைத் தளர்த்தி அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று பின்னர் தெளிவானது. அந்த இரண்டு மாதமும் மலையில் அக்காவுக்கு ஒரு அட்டை மாத்திரைகூடக் கிடைக்கவில்லை. மூட்டு மறுபடி வீங்கியது.

சரி, கேட்பதற்கு யார் வருவார்கள்? வாதநோய் நிபுணராவதற்கான டி.எம். படிப்பு, உயர் சிறப்பு மருத்துவப் படிப்புகளில் ஒன்று. அந்தப் படிப்புகளில் சாதிவாரி இட ஒதுக்கீடு கிடையாது. 'தகுதி' என்ற சொல்லை வைத்து அந்தக் கதவை மூடியே வைத்திருக்கிறார்கள். அரசு மருத்துவர்களுக்கு 50 சதவீதம் ஒதுக்கித் தமிழ்நாடு 2020-இல் போட்ட ஆணையைக்கூட நீதிமன்றத்தில் போராடித்தான் காக்க வேண்டியிருந்தது. அக்காவின் விரலை அழுத்திப் பார்த்த அந்த மருத்துவரின் சாதி எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. ஆனால் லைன் வீட்டில் வளர்ந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், 'இதெல்லாம் சகஜம்' என்று யாரும் அவர் முன்னால் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பது தெரியும்.

எனவே கேட்கிறோம். கர்ப்பிணிக்கு வி.டி.ஆர்.எல். 'பாசிட்டிவ்' வந்தால், டி.பி.எச்.ஏ. முடிவு வரும்வரை அவளிடமோ கணவரிடமோ ஒழுக்கம் பற்றி ஒரு சொல்கூடப் பேசக்கூடாது. முடிவு வந்த பிறகும் பேசக்கூடாது. அந்தச் சோதனையில் சிபிலிஸ் இல்லை என்று வந்தால், உறைவுக்கான எதிர்ப்பொருள்களைத் தேட வேண்டும். ஆறு வாரத்துக்கு மேல் மூட்டுவலி என்று வரும் ஒவ்வொரு பெண்ணுக்கும் சிறுநீர்ப் புரதமும் ரத்த அணுக்களும் பார்க்க வேண்டும். உதகையில் 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டிருக்கிறது. அங்கே வாரம் ஒரு நாளாவது வாதநோய் நிபுணர் உட்கார வேண்டும், அந்த நாள் ஒவ்வொரு லைனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஏ.என்.ஏ.வுக்காக நோயாளி கூலியை இழந்து மலையிறங்கத் தேவையில்லை. ரத்தக் குழாயைக் குளிர்பெட்டியில் அனுப்பினால் போதும். 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையோடு ஹைட்ராக்ஸிகுளோரோகுயினையும் வீட்டுக்குக் கொண்டுவரட்டும். காப்பீட்டு அட்டை பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்த பிறகுதான் பேசுகிறது. லூபஸில் பணம் கரைவது அதற்கு முந்தைய சோதனைகளில்தான். அவற்றையும் அட்டை ஏற்க வேண்டும். உயர் சிறப்புப் படிப்புகளில் இட ஒதுக்கீடு வேண்டும்.

இதில் எதுவும் அதிசய மருத்துவம் இல்லை. பாதிக்கு மேல் ஏற்கெனவே அரசிடம் இருக்கும் பட்டையும் ஊசியும் வண்டியும்தான்.

அக்கா இப்போது தோட்டத்துக்குப் போவதில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கோவைக்குப் போகிறாள். கிரியாட்டினின் ஏறாமல் நிற்கிறது. போன முறை பேருந்தில் மேட்டுப்பாளையம் தாண்டும்போது திடீரென்று கேட்டாள்:

"அன்னைக்கு வரிசைல என் பின்னாடி நின்னாளுகளே, அவளுகளுக்கு யாராவது போய்ச் சொல்லுவாங்களா, அது அந்த நோயி இல்லன்னு?"

யாரும் சொல்லப் போவதில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.